குருத்தோலை செருகிய கார்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்க எனக்கு மனசில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். கனடாவில் குளிர் விட்டுவிட்டது, பிள்ளை நீச்சல் வகுப்புக்குப் போகிறான் என்றெல்லாம் நேற்று போனில் சொன்னாய். சந்தோஷம். பிறகு போகிற போக்கில், "டிசம்பர்ல வரேம்மா, லீவு சொல்லிட்டேன், அப்பாகிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. போன வாரம் திருச்சியில் டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் நிறுத்திக்கொண்டு, "டீச்சர், பையன் வெளிநாட்ல இருக்காருன்னீங்கள்ல? வரணும்னா இப்பவே வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். டிசம்பரில் வருவதாக இருக்கிறான் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இதை உன்னிடம் போனில் சொல்ல வழியில்லை. நான் போனை எடுத்தாலே அப்பா மூக்கில் மாட்டிய குழாயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். என் வாய் கொஞ்சம் அப்படி இப்படிப் போனால் போதும், கையை ஆட்டிச் சைகை காட்டுகிறார். நீ வைத்த பிறகு, "அவனுக்கு அங்க ஆயிரம் வேல இருக்கும். நீ ஒண்ணு, எதயாச்சும் சொல்லி அவன கலங்க வைக்காத" என்கிறார். அதையும் முழு மூச்சில் சொல்ல முடிவதில்லை. பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மீதியைச் சொல்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். இன்று குருத்தோலை ஞாயிறு. காலைப் பூசையிலிருந்து கொண்டுவந்த ஓலை இதோ மேசையில் கிடக்கிறது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஓர் ஓலையை வைக்க வீட்டில் இடமில்லையா என்று உனக்குச் சிரிப்பு வரும். முழுவதும் படி, பிறகு சிரி.

நம் வெள்ளைக் காரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். விற்றுத் தொலையுங்கள் என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! உனக்கு அது பழைய இரும்பு. அப்பாவுக்கு அப்படியில்லை. விக்கிரமங்கலத்தில் முந்திரியும் கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர், அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகக் கார் வாங்கியவர், அதுவும் செகண்ட் ஹேண்டில். என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கினாரே தவிர, கோயிலில் வைத்த பெயரை அவரே மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னையும் உன்னையும் பூசைக்குக் கூட்டிக்கொண்டு வருவார். வந்து வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே வாங்களேன் என்றால், "வண்டிய யாரு பாத்துக்கிறது?" என்பார். அந்த வண்டியைத் திருடத்தான் ஊரே காத்துக்கொண்டிருந்த மாதிரி! குருத்தோலை ஞாயிறு வந்தால் எங்களுக்குள் கண்டிப்பாக ஒரு சண்டை உண்டு. நான் காரில் ஏறும்போது சேலையைச் சரிசெய்ய, கையில் இருக்கிற ஓலையை அவரிடம் கொடுப்பேன். வீட்டில் வந்து இறங்கினால் ஓலை இருக்காது. "ஓலை எங்கங்க?" என்று கேட்பேன். "வச்சிருக்கேன், வச்சிருக்கேன்" என்பார். எங்கே வைத்திருக்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை. மற்ற வீடுகளில் எல்லாம் சிலுவை மாதிரி மடித்த ஓலை வருஷம் முழுவதும் நிலைக்கு மேலே இருக்கும். நம் வீட்டு நிலை மொட்டையாக இருக்கும். நம்பிக்கையில்லாத மனுஷன், வழியில் வீசிவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். உன் எதிரிலேயே எத்தனை முறை அப்படிச் சொல்லித் திட்டியிருக்கிறேன். நீ முன் சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாய். அந்த இடதுபக்க முன் சீட்டு எப்போதும் உன்னுடையதுதான். காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டதும், லீவுக்குக் கூட்டி வந்ததும், கனடாவுக்குப் போக ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டதும் எல்லாம் அந்த சீட்டில்தான். "நம்ம பையன நாமதான் கூட்டியாரணும், எவனோ ஒரு டிரைவர் கூட்டியாந்தா அது வந்த மாதிரியா இருக்கும்?" என்பார்.

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாய். அது உனக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம், எங்களுக்கு அன்றைய வெயில்கூட நினைவிருக்கிறது. காரின் உள்கூரைத் துணி அதற்கு முன்னாலேயே அங்கங்கே தொங்க ஆரம்பித்திருந்தது. அப்பா குண்டூசி குத்தித் தூக்கி வைத்திருந்தார். ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது நீ முன்னால், உன் மடியில் பிள்ளை, பின்னால் நானும் உன் மனைவியும். பாடாலூர் தாண்டும்போது லாரி ஒன்று உரசுகிற மாதிரி போக, அப்பா பிரேக் போட்டார். உன் பக்கத்துத் துணி மொத்தமாகக் கழன்று பிள்ளையின் தலைமேல் விழுந்தது. துணிக்கும் கூரை அட்டைக்கும் நடுவில் இருந்த ஸ்பாஞ்சு உளுத்துப் போய், மஞ்சள் பொடியாகக் கொட்டியது. பிள்ளையின் கண்ணிலும் மூக்கிலும் போய்விட்டது. அவன் இருமினான், அழுதான். "அப்பா, வண்டிய நிறுத்துங்க. இந்தக் குப்பைல என் புள்ளைய உக்கார வைக்க முடியாது" என்றாய். நிறுத்தினார். நீ இறங்கி, பிள்ளையின் தலையில் கிடந்ததையெல்லாம் தட்டிவிட்டாய். பொடியோடு ஏதோ காய்ந்த சருகுத் துண்டும் சேர்ந்து ரோட்டோரம் விழுந்தது. "என்னென்ன குப்பை சேத்து வச்சிருக்கீங்க இதுக்குள்ள!" என்றாய். பிள்ளை இருமும்போது பெற்றவனுக்குப் பதறாமல் இருக்குமா, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ போனில் வேறு கார் கூப்பிட்டாய். அது வரும்வரை டீக்கடை நிழலில் நின்றோம். நீங்கள் மூன்று பேரும் அதில் ஏறிப் போனீர்கள், உங்கள் பெட்டிகள் மட்டும் எங்களோடு வந்தன. அப்பா கிளம்புமுன் குனிந்து ரோட்டோரத்தில் எதையோ பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டார். வண்டியிலிருந்து கழன்ற ஏதோ ஸ்க்ரூ என்று நினைத்தேன். வீடுவரை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு கையால் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். கிடைத்திருக்காது, நான் நம்புகிறேன். அப்பா பெருநாள் அன்று கேக்கை வாயில் வைத்துக்கொண்டே, "ஏன் டீச்சர், வண்டி இப்டி இருக்கறதுனாலதான் அவன் வரலியோ?" என்று கேட்டார். "உங்களுக்கென்ன பைத்தியமா? லீவு இல்லன்னு சொல்றான்ல" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் போனோம், ஹைவேஸ் பக்கம் இருக்கிற குஷன் கடைக்கு. கடைக்காரர் புதுக் கார் ஒன்றுக்கு சீட் கவர் மாட்டுகிற அவசரத்தில் இருந்தார். வந்து ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "சார், அட்டைய எறக்கி, பழைய ஸ்பாஞ்ச முழுசா சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுத்துணி ஒட்டணும். மேலாப்ல ஒட்டுனா மறுபடி விழுந்துரும். பொங்கலுக்குப் பசங்க ஊருக்குப் போறாங்க, அடுத்த மாசம் கொண்டாங்களேன்" என்றார். போகும்போது துணியின் ஓரத்தை விரலால் தடவி, "இந்த மூலைல யாரோ எதயோ சொருகி சொருகி நெம்பிருக்காங்க சார். அங்கருந்துதான் வாயத் தொறந்துருக்கு" என்றார். அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு, "பழைய வண்டிப்பா" என்றார். அடுத்த மாதம் வரை காத்திருக்கவில்லை. ஸ்பாஞ்சு ஒட்டிய சாம்பல் நிறத் துணியும், ஒட்டுகிற சொல்யூஷன் ஒரு டப்பாவும் அந்தக் கடையிலேயே வாங்கிக்கொண்டார். யார் ஒட்டப் போகிறார்கள் என்று கேட்டேன். "பாப்போம்" என்றார்.

அதற்கு முன்பே டாக்டர் அவருக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று சொல்லியிருந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி லோடு கணக்கு எழுதியே தலை நரைத்தவர், அரியலூர் ரோட்டில் லாரிகள் கிளப்புகிற புழுதியிலேயே வீடு கட்டியவர். வேறென்ன ஆகும்? தூசி பக்கமே போகக்கூடாது, வீட்டைப் பெருக்குகிற இடத்தில்கூட நிற்கக்கூடாது என்றார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் சாக்பீஸ் தூசி படிந்த சேலையை மாற்றாமல் அவர் பக்கத்தில் போகமாட்டேன். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன். பொங்கல் கழிந்து பள்ளி திறந்த அன்று மாலை வந்து பார்க்கிறேன், கார் நிறுத்துகிற ஷெட்டில் என் பழைய சேலை விரித்திருக்கிறது. அதன்மேல் காரின் கூரை அட்டை மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் இந்த மனுஷன் பிரஷ்ஷை வைத்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். தலை, புருவம், மீசை எல்லாம் மஞ்சள் பொடி. வாயில் கட்டியிருந்த ஈரத்துண்டு இருமி இருமிக் கழுத்துக்கு இறங்கிக் கிடக்கிறது. "ஐயோ, உங்களுக்குப் புத்தி இருக்கா? சாகணும்னே பண்றீங்களா?" என்று ஷெட்டே அதிர்கிற மாதிரி கத்தினேன். "கத்தாத டீச்சர், முடிஞ்சிருச்சு. இன்னும் அந்த மூலை மட்டுந்தான்" என்றார். பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்தேன். அப்போதுதான் பார்த்தேன், சேலையின் ஓரத்தில், பொடி படாமல் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஒரு கட்டு. எல்லாம் காய்ந்த குருத்தோலை. சிலது சிலுவையாக நான் மடித்தபடியே இருந்தது. சிலது பழுத்து, நிறம் போய், தொட்டால் ஒடிகிற நிலையில் இருந்தது.

"இது என்னங்க?" என்றேன்.

"ஓலதான். நீ குடுத்தது. அட்டைக்கு மேல போய்க் கெடந்துச்சு."

"நீங்க எங்கயோ வீசிட்டு வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"மந்திரிச்ச ஓலைய யாராவது வீசுவாங்களா? கால்ல மிதிபட்டுறாதா? பையன் உக்கார்ற பக்கம், நீங்க ரெண்டு பேரும் பாக்காதப்ப துணி இடுக்குல சொருகி வச்சேன். எங்க போனாலும் வந்தாலும் அவன் தலைக்கு மேல இருக்கட்டுமேன்னு."

"அதுக்கு ஒவ்வொரு வருஷமும் சேத்து சேத்தா? சாம்பல் புதனுக்கு முன்னாடி பழைய ஓலைய கோயில்ல திருப்பிக் குடுத்துரணும்ங்க. எரிச்சு அந்தச் சாம்பலத்தான் நெத்தில பூசுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளைகள் முழிக்கிற முழி. "எனக்கு யாரு சொன்னா? நீங்கள்லாம் உள்ள போயிடுவீங்க. நான் வெளிய நின்னுகிட்டிருப்பேன். புதுச வைக்கிறப்ப பழச எடுக்கக் கூடாதாக்கும்னு நெனச்சு, இடுக்க நெம்பி நெம்பி வச்சேன். அதான் துணி அங்கருந்து பிச்சுகிட்டு வந்துருச்சு" என்றார். வெயிலில் உளுத்தது பாதி, இது பாதி. எந்தத் துணிதான் தாங்கும்? உன் தலைக்கு மேல் காவல் வைக்கிறேன் என்று வைத்ததுதான் உன் பிள்ளையின் தலைமேல் விழுந்தது. இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை தம்பி. அன்றைக்கு அந்தப் பொடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் நான் லீவு போட்டேன். தனியாக விட்டால் மறுபடி என்ன செய்வாரோ என்ற பயம். மீதி மூலையை நானே சுரண்டினேன், அவரை வாசலுக்குத் துரத்திவிட்டு. சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்கிறவரை பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கம் விழாமல் துணியைத் தடவித் தடவி ஒட்டினேன். அவர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, "இழுக்காத, இழுக்காத, சும்மா தடவு. சப்பாத்தியா தேய்க்கிற?" என்று அதிகாரம் பண்ணினார். ஒட்டினது பெரிதில்லை, அட்டையை மறுபடி வண்டிக்குள் ஏற்றுவதுதான் பெரும்பாடு. பின்பக்கக் கதவு வழியாக வளைத்து நுழைத்தால், அது மேலே நிற்காது, பொத்தென்று இறங்குகிறது. அவர் முன் சீட்டில், நான் பின் சீட்டில், இரண்டு பேரும் தலையாலேயே அட்டையை முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்க, அவர் கையை மேலே தூக்கிக் கைப்பிடி ஸ்க்ரூவை முடுக்கினார். கழுத்து ஒடிகிறது. "கல்யாணத்துக்கு நெத்தில பட்டம் கட்டுனப்பகூட இப்டி நெட்டுக்குத்தா நின்னதில்ல டீச்சர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, தலை ஆடி, அட்டை மறுபடி இறங்கிவிட்டது. அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. ஆனாலும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார். கடைசியில் தோசைக் கரண்டியின் காம்பால் துணியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளி இறுக்கினார். "இப்ப எறும்பு நுழையட்டும் பாப்போம்" என்றார். அதுதான் அவர் கடைசியாகத் தன் கையால் செய்த வேலை.

அந்த வாரமே மூச்சு முட்டி, திருச்சியில் சேர்த்தோம். உனக்கு 'சளி பிடித்திருக்கிறது' என்று சொன்னோமே, அதுதான். ஆக்சிஜன் மெஷினோடு திரும்பி வந்தார். குத்திக்காட்டவா அம்மா இதையெல்லாம் எழுதுகிறாய் என்று கேட்பாய். ஆமாம், குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்க் குத்திக்காட்டுவேன்? அந்த ஒருநாள் தூசியால் வந்த வினையில்லை, எப்படியும் இந்த நிலைக்கு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். பாதிதான் நம்பினேன். நீ அன்று ரோட்டில் சொன்ன வார்த்தை தப்பா என்றால், தப்பில்லை. பிள்ளை இருமினான், நீ சொன்னாய். சொல்லிவிட்டு மறந்தும் போனாய். கேட்டவர் மறக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் மகனும் வளர்ந்து ஒருநாள் உன்னுடைய எதையாவது பார்த்துக் குப்பை என்பான். அன்றைக்கு உன் அப்பா மாதிரி வாயை மூடிக்கொண்டு வராதே. "எனக்கு வலிக்குதுடா" என்று அங்கேயே, அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடு. சொன்னால் அவன் ஒரு மன்னிப்புக் கேட்பான், விஷயம் டீக்கடையோடு முடிந்துவிடும். இந்த மனுஷன் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு வருஷம் மனசுக்குள் வைத்து, சுரண்டி எடுத்தார்.

சாம்பல் புதனுக்கு முன் ஞாயிறு, பழைய ஓலைகளைக் கொண்டுவரச் சொல்லிக் கோயிலில் அறிவித்தார்கள். நான் அந்தக் கட்டை எடுத்துப் பையில் வைக்கும்போது அப்பா, "இரு" என்றார். தலையணைக்கு அடியிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லாத காய்ந்த ஓலைத் துண்டு. "பாடாலூர்ல அவன் தட்டி விட்டது. அதயும் சேத்துக் குடுத்துரு" என்றார். அன்று ரோட்டோரம் குனிந்து அவர் பொறுக்கியது இதைத்தான். ஸ்க்ரூ இல்லை. கோயில் உபதேசியார் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷ ஓலைய எங்க டீச்சர் வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். பையை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். சாம்பல் புதனன்று பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் நம் காரை ஓட்டினார். அப்பா சின்ன சிலிண்டரோடு முன்னால் உட்கார்ந்து வந்து, வழக்கம்போல வேப்பமரத்தடியில் இருந்துகொண்டார். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சாம்பல் தட்டோடு வெளியே வந்து, கார் ஜன்னல் வழியாகவே அப்பாவின் நெற்றியில் பூசினார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "இதுல நம்ம ஓல இருக்குமா டீச்சர்?" என்றார். "எல்லாத்தயும் சேத்துத்தாங்க எரிச்சாங்க, இருக்கும்" என்றேன். "அப்ப அவனுக்கு வச்சது எனக்கு ஆயிருச்சு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அவர் வேலை என்ன தெரியுமா? சாயங்காலமானால் குழாயை நீளமாக்கி ஜன்னல் வழியாக ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொல்கிறார். வந்து காரின் இடதுபக்க முன் சீட்டில், உன் சீட்டில், சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். கூரையைப் பார்க்கிறார். விரலால் துணியை ஒரு தட்டு தட்டுகிறார். "நல்லா புடிச்சிருக்கு, இல்ல?" என்று என்னைக் கேட்கிறார். நல்லாப் பிடித்திருக்கிறது என்று தினமும் சொல்கிறேன். "அவன் வந்தா நானே போய் கூட்டியாருவேன். பேரப்புள்ள தலைல இனி ஒரு தூசி விழாது" என்கிறார். அவரால் தெருமுனைவரை நடக்க முடியவில்லை தம்பி. ஏர்போர்ட்டுக்கு ஓட்டப் போகிறாராம். நான் ஆமாம் ஆமாம் என்கிறேன். எனக்கு ஜெபம் சொல்லக்கூட வாய் வரவில்லை. இத்தனை வருஷம் அவருக்கு நம்பிக்கையில்லை என்று திட்டிய எனக்குத்தான் இப்போது எதன் மேலும் நம்பிக்கையில்லை. நீ வருவாய் என்றும் இல்லை, வருவதற்குள் இவர் இருப்பார் என்றும் இல்லை.

இன்று காலை பூசை முடிந்து ஓலையோடு வந்தேன். நேரே ஷெட்டுக்குப் போய்க் காரைத் திறந்தேன். அவர் வைத்த இடத்திலேயே, உன் சீட்டுக்கு மேலே, இந்த ஒரு வருஷம் நானே என் கையால் செருகி வைக்கலாம் என்று நினைத்தேன். அப்பா இன்று காலையிலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் துணியின் ஓரத்தில் ஓலை நுனியை வைத்து அழுத்திப் பார்த்தேன். போகவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகமும் போகவில்லை, அவ்வளவு இறுக்கமாகச் செய்து வைத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் பலமே இல்லை.

"வேணாம் டீச்சர். மறுபடி நெம்பிராத" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அவன் வர்ற வண்டி" என்றார்.

ஓலையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக இங்கிருந்தே அவர் தெரிகிறார். அதே சீட்டில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. நீ எப்போது வருகிறாய் என்று இப்போது கேட்பார், தினமும் அங்கே உட்கார்ந்துதான் கேட்பார். டிசம்பர் என்று அவரிடம் நீயே சொல்லிக்கொள். நான் சொல்ல மாட்டேன்.

அம்மா